பெஜோ காரும் ஒரு கூழாங்கல்லும்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு சின்ன அட்டைப் பெட்டி கிடைத்தது. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரும்பு உருளை ஒன்று. உள்ளங்கையில் அடங்கும். நடுவில் துளை. விரலால் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றுகிறது. "இது எதுக்கு? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடவா?" என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் அக்காள் கணவர் ஒரு சொல்தா. புதுவையில் சொல்தா என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மாதம் பிறந்தால் பிராங்கில் பணம் வரும். ரொட்டிக்கடையில் பாகேத் வாங்குவார், ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார். இந்தியாவில் பெஜோ கார் விற்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தபோது, இவரைவிட மகிழ்ந்தவர் ஊரில் இருந்திருக்க முடியாது. மற்றவர்கள் எல்லாம் "பியூஜியோ", "பெகாட்" என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "பெஜோன்னு சொல்லு" என்று திருத்துவார்.

அந்தக் காரின் கதை கொஞ்சம் விசித்திரமானது. பியட் கார்களைச் செய்துகொண்டிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியும் பிரான்சின் பெஜோவும் கூட்டு சேர்ந்து, 1994 முதல் பம்பாய் பக்கத்தில் கல்யாணில் பெஜோ 309 காரைச் செய்தார்கள். ஐரோப்பாவில் அந்த மாடலை அதற்கு முன்பே நிறுத்தியாகிவிட்டது. அங்கே 309 டீசல் காரில் இருந்தது 1905 சி.சி. எஞ்சின். இங்கே போட்டது 1527 சி.சி. கொள்ளளவுள்ள, டியுடி5 என்ற சின்ன எஞ்சின். பிரான்சில் அது பெஜோ 106 போன்ற சிறிய கார்களில் வந்தது. ஆக, உடம்பு ஒரு காருடையது, இதயம் வேறொரு காருடையது. இந்த விவரம் பின்னால் எங்களுக்குத் தலைவலி கொடுத்தது.

மாமா 1996-ல் வெள்ளை நிற டீசல் கார் ஒன்றை வாங்கினார். வாங்கி இரண்டு வருடத்துக்குள் கூட்டு முறிந்துவிட்டது. தொழிற்சாலையில் தொழிலாளர் தகராறு, கூட்டாளிகளுக்குள் மனக்கசப்பு, பெஜோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. உதிரி பாகம் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். "பெஜோ எங்கேயும் போகாது, திரும்ப வரும்" என்று மாமா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீசல் எஞ்சினுக்கும் பிரான்சுக்கும் உறவு பழையது. ருடால்ப் டீசல் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான். ஆனால் 1858-ல் அவர் பிறந்தது பாரிசில். 1870-ல் பிரெஞ்சு-ஜெர்மன் யுத்தம் வந்ததும் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. மூன்று வருடம் கழித்து, 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் ஊர் வேர்க்கடலை அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக மார்சேய் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்காட்சி எஞ்சினில் எரிந்தது எந்த ஊர்க் கடலையோ, நம்முடையதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இனி பெல்ட்டுக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் எல்லாரும் நெல் அரவை மில்லில் பெல்ட் ஓடுவதைப் பார்த்தவர்கள். எண்ணெய் எஞ்சின் ஒரு பக்கம், அரவை இயந்திரம் மறுபக்கம், நடுவில் பட்டையான நீளப் பெல்ட் பட்பட்டென்று அடித்துக்கொண்டு ஓடும். பக்கத்தில் போனால் மில்காரர் அதட்டுவார். அந்தப் பெல்ட் வழுக்கினால் மெழுகு தடவுவார்கள், அவிழ்ந்து விழுந்தால் மறுபடி மாட்டுவார்கள். நெல் கொஞ்சம் தாமதமாக அரையும், அவ்வளவுதான் நஷ்டம்.

கார் எஞ்சினுக்குள் இருக்கும் பெல்ட் அப்படி வழுக்கக்கூடாது. பிஸ்டன் மேலும் கீழும் போய் வருவதற்குக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல் தப்பினாலும் கணக்குப் பிசகும். டீசலில் இன்னும் ஒரு சுமை உண்டு. எண்ணெயைச் சரியான நொடியில் பீய்ச்சும் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்ற வேண்டும். இந்த எஞ்சினில் தண்ணீர் பம்பும் அதோடு சேர்த்தி. பழைய எஞ்சின்களில் இந்த வேலையைப் பல்சக்கரமோ சங்கிலியோ செய்தன. மகிந்திரா ஜீப்பில் வந்த பெஜோ டீசல் எஞ்சினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ரப்பர் பெல்ட் கிடையாது.

பல் வைத்த ரப்பர் பெல்ட் முதலில் வந்தது காருக்காக அல்ல, 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காக. மேலே ஊசி இறங்குவதும் கீழே நூல் கொக்கி சுற்றுவதும் ஒரே கணக்கில் நடக்க வேண்டும் அல்லவா? நம் வீட்டுக் காலால் மிதிக்கும் மெஷினில் இருந்த தோல் வார் வேறு. அது வழுக்கினால் வழுக்கட்டும் என்று விட்டது. பல் வைத்த பெல்ட் மெஷினுக்கு உள்ளே இருந்தது. 1962-ல் பவேரியாவைச் சேர்ந்த கிளாஸ் என்ற சின்னக் கம்பெனி, தன் 1004 மாடல் காரில் கேம் தண்டைச் சுற்ற இந்தப் பெல்ட்டைப் போட்டது. ரப்பரை நம்பி எஞ்சினை ஒப்படைப்பதா என்று மற்றவர்கள் யோசித்திருப்பார்கள். ஆனால் 1966-ல் பியட் போட்டது. 1976-ல் வோல்க்ஸ்வாகன் தன் கோல்ப் காரின் டீசல் எஞ்சினில் போட்டது. 1980-களின் தொடக்கத்தில் பெஜோவும் தன் புதிய டீசல்களில் போட்டது. சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் விட வேண்டாம், விலையும் மலிவு. ரப்பருக்குள் கண்ணாடி இழைக் கயிறு ஓடுகிறது, பற்களின் மேல் நைலான் துணி. பார்த்தால் சாதாரணப் பட்டைதான். ஆனால் ரப்பருக்கு மூப்பு உண்டு. கார் ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் அதற்கு வயதாகும். குறிப்பிட்ட காலத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

2003-ல் மாமாவின் கார் 70,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நெல்லித்தோப்பில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். எஞ்சின் ஓடும்போது நீள ஸ்குரூடிரைவரை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார், டாக்டர் மாதிரி. அவர்தான் சொன்னார்: "பெல்ட்டு ஏழு வருஷம் ஆச்சி சார். மாத்திடுவோம். ஆனா இந்த எஞ்சினை நான் பிரிச்சதில்ல. புஸ்தகம் ஏதாச்சும் இருந்தா நல்லாருக்கும்."

மாமா பாரிசில் இருந்த தன் மகனிடம் சொன்னார். அவன் முதலில் 309 காரின் பழுதுபார்க்கும் புத்தகத்தை அனுப்பினான். பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு எஞ்சின். பிறகு விஷயம் புரிந்து, 106 காரின் புத்தகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பக்கங்களை நகலெடுத்து அனுப்பினான். அவற்றைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. மாமா பேசுவார், எழுத்து வராது. "நம்ம மச்சான் பிரெவே பாஸ் பண்ணவன், அவனுக்குத் தெரியாத பிரெஞ்சா?" என்று மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில்தான். 1962-ல் சட்டப்படி இணைப்பு நடந்தபோது நான் சின்னப் பையன். மூவர்ணக் கொடி இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரமோ பிறப்புப் பதிவோ வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சொத்து, வாரிசு, எல்லை, சாட்சி என்று அந்த உலகத்துப் பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இயந்திரப் பிரெஞ்சு என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பது அந்தப் பக்கங்களைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

முதல் வரியிலேயே சிரிப்பு வந்தது. ஆங்கிலத்தில் டைமிங் பெல்ட் என்பதைப் பிரெஞ்சில் "கூர்வா த திஸ்திரிபுசியோன்" என்கிறார்கள். அதாவது விநியோகப் பட்டை. நான் நான்கு வருடம் ரேஷன் பிரிவில் வேலை பார்த்தவன், அரிசி சர்க்கரை விநியோகம்தான் ஞாபகம் வந்தது. யோசித்தால் பொருத்தமான பெயர். எந்த உருளைக்கு எப்போது காற்று, எப்போது புகை வெளியேற்றம் என்று பங்கு போட்டுக் கொடுப்பதுதானே வேலை. கேம் தண்டுக்கு "அர்ப்ர்" என்று போட்டிருந்தது. அர்ப்ர் என்றால் எனக்கு மரம். எஞ்சினுக்குள் ஏது மரம் என்று ஒரு நிமிடம் திகைத்துப் பிறகு தண்டு என்று ஊகித்தேன். இப்படி ஊகித்து ஊகித்தே போனேன். எஞ்சினை எப்படிப் பூட்டி வைப்பது என்ற பகுதி நன்றாகப் புரிந்தது. பிளைவீலில் ஒரு துளை வழியாகக் கம்பியைச் செருக வேண்டும், கேம் சக்கரத்தையும் பம்ப் சக்கரத்தையும் துளைகளில் போல்ட் போட்டு அசையாமல் நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும். மேஸ்திரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் மாற்ற வேண்டிய சாமான்களின் பட்டியல். பெல்ட், எண்ணெய் சீல்கள், தண்ணீர் பம்ப், அப்புறம் "கலே" என்று ஒரு வார்த்தை. நகலில் அதற்குப் பின்னால் இருந்த எழுத்து மங்கிப் போயிருந்தது. கலே என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கூழாங்கல். கடற்கரையில் அலை உருட்டிய வழுவழுப்பான கல். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் வரை ஞாபகம் இருந்தது. எஞ்சினில் கூழாங்கல் எங்கே வரும்? ஏதோ அலங்கார மூடியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அங்கேயே மாமாவின் மகனிடமோ மேஸ்திரியிடமோ "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமா அப்படிப் புகழ்ந்துவிட்ட பிறகு வாய் வரவில்லை. மகன் போனில் விலை விவரம் சொன்னபோது, அந்தக் கலேவுக்குப் பெல்ட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. முப்பது வருடம் எஸ்டிமேட்டில் எதைக் குறைக்கலாம் என்று பார்த்துப் பழகிய கை. அந்த வரியை அடித்தேன். தண்ணீர் பம்ப் ஒழுகவில்லை என்பதால் அதையும் அடித்தேன். பெல்ட்டும் சீலும் மட்டும் வரவழைத்தோம்.

"ரோலர் ஒண்ணு இருக்குமே சார், அதைப் பத்தி ஏதும் போடலையா?" என்று மேஸ்திரி கேட்டார். அவர் ரோலர் என்றதும் என் கூழாங்கல்லும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை. "புக்கில் அப்படி எதுவும் இல்லை" என்றேன். "ஜென் டீசல்ல இதே எஞ்சின்தான்னு சொல்றாங்க, அந்தச் சாமான் மெட்ராஸ்ல கிடைக்கும், பாக்கட்டுமா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவர் சொன்னது முழு உண்மை. மாருதி கம்பெனி 90-களின் இறுதியில் ஜென், எஸ்டீம் டீசல் கார்களில் போட்டது இதே பெஜோ எஞ்சினைத்தான். "பிரான்சிலிருந்து ஒரிஜினல் வருகிறது, மெட்ராஸ் சாமான் எதற்கு?" என்று மாமா சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

பெல்ட் மாட்டினார்கள். கார் சாவி திருகியதும் கிளம்பியது. மாமா எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பத்து மாதம் ஓடியது. 2004-ல் பாரிசிலிருந்து மகன் வருகிறான் என்று மாமாவும் அக்காவும் மெட்ராஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள், இரவு நேரம். மதுராந்தகம் தாண்டியதும் முன்னால் கிறீச்சென்று ஒரு சத்தம், அடுத்த நொடி எஞ்சின் நின்றுபோனது. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு முழம் இடைவெளியில் விலகிப் போனதாம். அக்கா அதற்குப் பிறகு பல வருடம் இரவுப் பயணத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். பெல்ட்டை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு சுற்றும் ஒரு உருளை உண்டு. அதன் பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் ஒருமுறை அடைத்தது, நாம் திறந்து போட முடியாது. காய்ந்தால் காய்ந்ததுதான். பழைய உருளையின் பேரிங் இறுகி, சுற்றாமல் நின்றுவிட்டது. புதுப் பெல்ட் அதன்மேல் உரசிச் சூடாகி, பற்கள் உரிந்துவிட்டன. கேம் தண்டு நின்றது, கிராங்க் நிற்கவில்லை. பெட்ரோல் எஞ்சின்கள் சில இதில் தப்பித்துக்கொள்ளும். டீசலில் காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்க வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இடமே இருக்காது. திறந்து நின்ற வால்வுகளில் பிஸ்டன் போய் இடித்தது. மேஸ்திரி ஹெட்டைக் கழற்றி வைத்தபோது, வால்வுகள் ஊசிபோட்ட நோயாளி கை மாதிரி மடங்கிக் கிடந்தன.

மாமா அந்த ஒர்க்ஷாப் வாசலில் நின்று மேஸ்திரியைத் திட்டினார். "ஒரு பெல்ட் மாட்டத் தெரியாதவன் எதுக்குக் கடை வெச்சிருக்கே? என் பொண்டாட்டி செத்திருப்பா!" பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மேஸ்திரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று இரவு வீட்டில் அந்த நகல் பக்கங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். வேறொரு பக்கத்தில், படத்துக்குக் கீழே தெளிவாகவே இருந்தது. "கலே தாந்தேர்". இழுத்துப் பிடிக்கும் உருளை. அம்புக்குறி போட்டு உருளையைக் காட்டியிருந்தார்கள். இயந்திரக்காரர்கள் வழுவழுப்பாக உருளும் எதையும் கூழாங்கல் என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. நான் படம் பார்க்கவில்லை, எழுத்தை மட்டும் பார்த்தேன்.

மாமாவின் மகன் அடுத்த வாரமே பாரிசிலிருந்து உருளையை வரவழைத்தான். ஆனால் வால்வு, ஹெட் வேலை என்று செலவுக் கணக்கு ஏறியதும் மாமாவுக்கு மனம் விட்டுப்போனது. காரை அப்படியே ஒருவருக்குத் தள்ளிவிட்டார். அந்த உருளைதான் பரணில் இருந்தது. மாமா 2012-ல் காலமானார். கடைசிவரை, "அந்த மேஸ்திரி கெடுத்த கார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் கடைக்குப் பிறகு வண்டி விடவில்லை. நானும் விடவில்லை, வேறு காரணத்துக்காக.

போன வாரம் உருளையைப் பையில் போட்டுக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனேன். கடையை இப்போது மகன் நடத்துகிறார். மேஸ்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரச் சொல்லி, நடந்ததை எல்லாம் சொன்னேன். கூழாங்கல் விஷயம், அடித்த வரி, தரையைப் பார்த்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ரோலரைக் கையால சுத்திப் பாத்தேன் சார், அன்னிக்கே. கரகரன்னு சத்தம் இருந்துச்சி. நீங்க புக்கைப் பாத்து இல்லைன்னுட்டீங்க. படிச்சவங்க சொல்றப்ப நான் என்னா சொல்றது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "மாமா இருந்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். அவரு நல்ல மனுஷன்."

நான் உருளையை எடுத்துக் கொடுத்தேன். காதருகே வைத்துச் சுற்றிக் கேட்டார். "சத்தம் இல்ல. ஆனா இருவது வருஷம் ஆயிடுச்சே, உள்ள கிரீஸ் காஞ்சிருக்கும். வண்டிக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, மகனைக் கூப்பிட்டு மேஜையில் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த பில் காகிதங்களின் மேல் அதை வைக்கச் சொன்னார். எனக்கு டீ வந்தது.